முயல் முட்டையும் ஒன்பது வோல்ட் பாட்டரியும்

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மாநிலங்களில் ஏப்ரல் மாதத்து முதல் ஞாயிறு அன்று இரண்டு மணி இரண்டு தடவை வரும். கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்த கடிகாரத்தை அன்று அதிகாலை மூன்று மணிக்குப் பிடித்து இழுத்து மீண்டும் இரண்டில் நிறுத்துவார்கள். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, தலைநகர்ப் பகுதி எல்லாம் 2008 முதல் இதை ஒரே நாளில் செய்கின்றன.

ஈஸ்டரோ நிலாவைப் பார்த்து வருகிற பண்டிகை. மார்ச் 21-ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்பது திருச்சபைக் கணக்கு. அதனால் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எங்கு வேண்டுமானாலும் அது போய் உட்காரும். அலையும் பண்டிகையும் அசையாத ஞாயிறும் சில ஆண்டுகளில் முட்டிக்கொள்கின்றன. 2010, 2015, 2018, 2021 ஆண்டுகளில் முட்டிக்கொண்டன. 2026-இல் ஏப்ரல் 5 அப்படிப்பட்ட நாள். அடுத்தது 2029 ஏப்ரல் 1. அன்று முட்டாள்கள் தினமும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

பெரிய வெள்ளியில் தொடங்கித் திங்கள் வரை நான்கு நாள் விடுமுறை. வடக்கு அரைக்கோளத்தில் ஈஸ்டர் வசந்தத்தின் தொடக்கம். முட்டை, முயல், பூ எல்லாம் அதனால்தான் வந்து ஒட்டிக்கொண்டன. ஆஸ்திரேலியாவில் அது இலையுதிர்காலம். மாலையில் குளிர் தட்டும். ஆறு மாதமாகப் பரணில் கிடந்த ஹீட்டரை இறக்கித் தூசி தட்டி செருகுகிற வாரம். ஆகவே அங்கே ஈஸ்டர் என்றால் ஒரு பக்கம் தோட்டத்தில் சாக்லேட் முட்டை ஒளித்து வைப்பது, இன்னொரு பக்கம் நாற்காலி போட்டு ஏறிக் கூரையில் ஒட்டியிருக்கும் புகை அலாரத்தைக் கழற்றுவது. இரண்டாவது வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. முதலாவது இருப்பதால்தான் அது நடக்கிறது என்பது என் சந்தேகம். உளவியல் ஆய்வுகளும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் சாய்கின்றன.

‘மாதம் ஒரு முறை அலாரத்தைச் சோதிக்க வேண்டும்’ என்று மனதில் குறித்துக்கொள்கிறோம். மாதம் மூன்று கழிகிறது. இனிமேல் செய்ய வேண்டியதை நினைவில் வைத்திருப்பது, நடந்து முடிந்ததை நினைவில் வைத்திருப்பதிலிருந்து வேறான திறமை. கில்ஸ் ஐன்ஸ்டைன் (அந்த ஐன்ஸ்டைன் அல்ல), மார்க் மெக்டேனியல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990-இல் இதைப் பற்றி முக்கியமான ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். ‘இன்ன நேரம் ஆனதும் செய்’ என்ற கட்டளையை மூளை தானாகவே அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ‘இன்னது கண்ணில் பட்டதும் செய்’ என்றால் அந்தப் பொருளே வந்து எழுப்பிவிடும். குறிப்பு கண்ணில் படுகிற வகையில் வயதானவர்களும் இளைஞர்களுக்குச் சளைத்தவர்களாக இல்லை என்று அவர்கள் சோதனையில் தெரிந்தது. கடிகாரம் மாற்றுகிற நாளில் பாட்டரி மாற்று என்ற பிரசாரம் அமெரிக்காவில் 1987-இலேயே தொடங்கிவிட்டது. ஒரு பாட்டரி நிறுவனமும் தீயணைப்பு அதிகாரிகள் சங்கமும் சேர்ந்து செய்தது. பாட்டரி விற்கிறவர் சொல்வதால் அறிவுரை பொய்யாகிவிடாது. ஆஸ்திரேலியத் தீயணைப்புத் துறைகள் அதையே பிடித்துக்கொண்டன. குயின்ஸ்லாந்தில் கடிகாரம் மாற்றும் வழக்கமே கிடையாது. அங்கே ஏப்ரல் 1-ஐப் பிடித்துக்கொண்டார்கள்: முட்டாளாக இருக்காதே, பாட்டரியை மாற்று.

அந்த வெள்ளை வட்டப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் மாற்றுவதற்குக் கொஞ்சம் ஆசை வரலாம். பழைய வகை அலாரத்துக்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கத் தனிமம் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருக்கும். இயற்கையில் தோண்டி எடுக்க முடியாத பொருள். அணு உலையில் பிறந்தது. அதிலிருந்து கிளம்பும் ஆல்ஃபா துகள்கள் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவிலுள்ள காற்றை அயனிகளாக உடைக்கின்றன. அயனிகள் நகர்வதால் மிக மிகச் சிறிய மின்னோட்டம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். புகைத் துகள் உள்ளே நுழைந்தால் அயனிகள் அதில் ஒட்டிக்கொண்டு மந்தமாகிவிடும், மின்னோட்டம் குறையும், அலாரம் அலறும். கதிரியக்கம் என்றதும் பயப்பட வேண்டாம். ஆல்ஃபா துகள் காற்றில் சில சென்டிமீட்டருக்கு மேல் போகாது, ஒரு தாள் போதும் அதைத் தடுக்க. உடைத்துப் பார்க்கிற ஆர்வம்தான் ஆபத்து. அந்தத் தூசி வாய்க்குள் போகக் கூடாது.

இந்தத் தனிமம் உலகுக்கு அறிமுகமான விதமே ஈஸ்டர் வேடிக்கைக்கு ஈடானது. கிளென் சீபோர்க்கின் குழு இரண்டாம் உலகப்போரின்போது சிகாகோவில் அணுகுண்டுத் திட்டத்தின் ஒரு பகுதியாக 1944-இல் இதைக் கண்டுபிடித்தது. எல்லாம் ராணுவ ரகசியம். போர் முடிந்த பிறகு, 1945 நவம்பர் 11 அன்று, ‘க்விஸ் கிட்ஸ்’ என்ற சிறுவர் வானொலி நிகழ்ச்சிக்கு சீபோர்க் விருந்தினராகப் போனார். புதிதாக ஏதாவது தனிமம் கண்டுபிடித்தீர்களா என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம், 95-உம் 96-உம் என்று சொல்லிவிட்டார். முறையான அறிவிப்புக்காக வேதியியலாளர்கள் கூட்டம் சில நாள் கழித்துத்தான் இருந்தது. அந்த 95-தான் இன்று கோடிக்கணக்கான வீடுகளின் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புதிய வகை அலாரம் ஒளியை நம்புகிறது. உள்ளே ஒரு சின்ன விளக்கு. அதன் கற்றை நேராக விழாத ஒரு மூலையில் ஒளி உணரி. காற்று சுத்தமாக இருந்தால் உணரிக்கு இருட்டு. புகை வந்தால் துகள்கள் ஒளியைச் சிதறடித்து மூலைக்கும் கொஞ்சம் அனுப்பும். ஓட்டு வீட்டில் ஓடு விலகிய இடத்தில் விழும் வெயில் கற்றையில் தூசி மினுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டுக்கும் குணம் வேறு. கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களைத்தான் அதிகம் கக்கும். அதை அயனி வகை கொஞ்சம் முந்திப் பிடிக்கும். மெத்தை, சோபா போன்றவை கனன்று புகைகிறபோது எழும் பருத்த துகள்களை ஒளி வகை வெகு முன்னதாகவே பிடித்துவிடும். வீட்டில் மனிதர்கள் தூங்கிக்கொண்டிருக்கையில் உயிர் குடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான் என்பதால் ஆஸ்திரேலியத் தீயணைப்புத் துறைகள் ஒளி வகையைப் பரிந்துரைக்கின்றன. 2011 ஆகஸ்ட்டில் பிரிஸ்பேனுக்குத் தெற்கே ஸ்லாக்ஸ் கிரீக் என்ற இடத்தில் ஒரே வீட்டில் 11 பேர் தீயில் இறந்துபோனார்கள். அதன் பிறகு குயின்ஸ்லாந்து சட்டத்தையே மாற்றியது. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒளி வகை அலாரம், ஒன்று கத்தினால் எல்லாம் சேர்ந்து கத்துகிற இணைப்புடன். வாடகை வீடுகளுக்கும் விற்கப்படும் வீடுகளுக்கும் 2022 ஜனவரி 1 முதல். மற்ற எல்லா வீடுகளுக்கும் 2027 ஜனவரி 1 முதல்.

இந்த குண வேற்றுமையை சிட்னியின் மேற்குப் புறநகர்களில் குடியிருக்கும் தமிழர்கள் அனுபவத்தில் அறிவார்கள். எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிற நேரத்தில் எழும் ஆவித் துகள்கள் அயனி வகை அலாரத்துக்கு நெருப்பாகவே தெரியும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டாலோ எந்த வகையும் தப்பாது, இரண்டும் அலறும். சாம்பிராணி புகைதானே, அலாரத்தைக் குறை சொல்ல வழியில்லை. பலர் செய்கிற பரிகாரம், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிவிடுவது, அல்லது பாட்டரியை உருவி டிராயரில் போடுவது. பிறகு போட மறந்துவிடுவது. அடுப்படியிலிருந்து அலாரத்தைத் தள்ளி மாட்டுவதும், ஒளி வகைக்கு மாறுவதும், சில நிமிடம் வாயை மூடிவைக்கும் பொத்தான் உள்ளதாகப் பார்த்து வாங்குவதும்தான் சரியான வழி.

‘புகை நாற்றம் வந்தால் விழித்துக்கொள்ள மாட்டோமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டோம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன், ரேச்சல் ஹெர்ஸ் இருவரும் தூங்குகிறவர்களின் மூக்கருகே புதினா மணத்தையும் பிரிடீன் என்ற சகிக்க முடியாத நாற்றத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். ஆழ்ந்த உறக்கத்தில் எதுவும் எழுப்பவில்லை. 2004-இல் வெளியான முடிவு இது. தூக்கத்தில் மூக்கு வேலை செய்வதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். காது மட்டும் காவல் காக்கிறது.

அந்தக் காவலிலும் ஓட்டை இருக்கிறது. வழக்கமான அலாரத்தின் கீச்சொலி சுமார் 3,000 ஹெர்ட்ஸ். குழந்தைகள் அந்தச் சத்தத்துக்கு எழுந்திருப்பதில்லை என்பதை மெல்போர்னின் விக்டோரியா பல்கலைக்கழகத்து டோரதி புரூக் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டினார். 520 ஹெர்ட்ஸ் அளவில் கட்டையான ஒலி வைத்தால் அதே குழந்தைகள் அதிகம் விழிக்கிறார்கள். உயர்ந்த சுருதி கேட்காத முதியவர்களுக்கும் அதுவே நல்லது. ஆகையால் ஈஸ்டர் இரவில் அலாரத்தைச் சோதிப்பதோடு நிற்காமல், அது கத்தினால் எந்தக் குழந்தையை யார் தூக்கிக்கொண்டு எந்தக் கதவு வழியாக ஓடுவது என்று பேசி வைப்பதுதான் மெய்யான சோதனை. முட்டை தேடும் ஆட்டத்துக்கு நடுவே இதையும் ஓர் ஆட்டமாக ஆடிவிடலாம். தப்பிக்கக் கிடைக்கும் நேரமும் அதிகமில்லை. அமெரிக்காவின் யு.எல். பாதுகாப்பு ஆய்வுக்கூடம் பழைய மரச் சாமான்கள் வைத்த அறையையும் இன்றைய நுரைப்பஞ்சு சோபா, செயற்கை இழைத் திரை வைத்த அறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பார்த்தது. புதிய அறை ஐந்து நிமிடத்துக்குள் முழுவதும் பற்றிக்கொண்டது. பழைய அறைக்குக் கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஆனது.

பாட்டரி தீர்ந்துவருகிறது என்று சொல்லும் அந்த ஒற்றைக் ‘கீச்’ எப்போதும் நள்ளிரவு தாண்டித்தான் கேட்கும் என்பது எல்லார் புகாரும். அலாரத்துக்குக் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. விடியலுக்கு முன்தான் வீடு அதிகம் குளிர்ந்திருக்கும். குளிரில் பாட்டரிக்குள் வேதிவினை மந்தமாகி, உள்தடை கூடி, மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கும். ஏற்கெனவே எல்லைக்கோட்டில் நிற்கும் பாட்டரி அந்த நேரத்தில் கோட்டுக்குக் கீழே போய்விடும். காலையில் வெயில் வந்ததும் சமர்த்தாகிவிடும். இலையுதிர்காலத் தொடக்கத்தில் இந்தக் கீச்சுகள் கூடுவதற்கும் இதுவே காரணம்.

கழற்றிய ஒன்பது வோல்ட் பாட்டரியை அப்படியே சாவி, ஆணி, நாணயம் கிடக்கும் டிராயரில் போடாதீர்கள். ஒன்றரை வோல்ட் கலங்கள் ஆறைத் தொடராக அடுக்கிய பொருள் அது. இரண்டு முனைகளும் ஒரே பக்கத்தில் அருகருகே இருக்கின்றன. ஓர் உலோகத் துண்டு இரண்டையும் தொட்டால் போதும், சூடேறிப் பக்கத்திலிருக்கும் தாள் பற்றும். தீயைத் தடுக்க வாங்கிய பொருளே தீ வைத்த கதையாகும். முனைகளின் மேல் டேப் ஒட்டிவிட்டு மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். பத்து ஆண்டுகள் தாங்கும் லித்தியம் பாட்டரியை உள்ளேயே வைத்து மூடிய அலாரங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எந்த அலாரமானாலும் பத்து ஆண்டில் முழுசாக மாற்ற வேண்டும். அமெரிசியம் தீர்ந்துபோவதால் அல்ல. அதன் அரை ஆயுள் 432 ஆண்டுகள். தூசி, பூச்சி, சமையல் பிசுக்கு, கிழடு தட்டும் மின்சுற்று ஆகியவைதான் காரணம். உற்பத்தித் தேதி பின்பக்கம் அச்சாகியிருக்கும்.

கூரை வரை ஏறியாயிற்று, வெளியே போய்க் ‘கட்டரை’யும் சுத்தம் செய்துவிடுவோம் என்று கிளம்புகிறவர்கள் அடுத்த ரகம். கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் அந்தத் தகரப் பள்ளத்தில் காய்ந்த இலைகள் சேர்ந்திருந்தால் காட்டுத்தீயின்போது பறந்து வரும் தீப்பொறிக்கு அதுவே படுக்கை. சுத்தம் செய்ய வேண்டியதுதான். ஆனால் ஏணியிலிருந்து விழுந்து ஆஸ்திரேலிய மருத்துவமனைகளுக்கு வருகிறவர்களில் ஓய்வு பெறும் வயதை ஒட்டிய ஆண்கள் கணிசம். ‘இவ்வளவு உயரம் ஏறிவிட்டேன், ஏணி அசையவில்லை, இனி என்ன ஆகும்?’ என்ற நம்பிக்கைதான் அவர்களைக் கவிழ்க்கிறது. இயற்பியல் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

சுவரில் சாய்த்த ஏணியின் அடி வழுக்காமலிருக்கத் தரையின் உராய்வு தேவை. எவ்வளவு தேவை என்பது நீங்கள் எவ்வளவு மேலே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏணியின் சொந்த எடையையும் சுவரின் உராய்வையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், அடி சுவரிலிருந்து தள்ளியிருக்கும் தூரத்தை ஏணி சுவரைத் தொடும் உயரத்தால் வகுத்து, அதை நீங்கள் ஏறியிருக்கும் பங்கால் பெருக்க வேண்டும். நான்கு மீட்டர் உயரத்துக்கு ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், பாதி ஏறியபோது தேவையான உராய்வுக் கெழு 0.125, உச்சியில் 0.25. இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் பாதியில் 0.25 போதும், உச்சியில் 0.5 கேட்கும். ஈரப் புல்லோ பாசி பிடித்த சிமெண்டோ அதைக் கொடுக்காமல் போகலாம். அதாவது நீங்கள் கீழ்ப்படியில் நிற்கும்போது ஏணி காட்டுகிற விசுவாசம் மேல்படிக்குச் செல்லாது. வழுக்குவதானால் விழ அதிக உயரம் இருக்கும்போதுதான் வழுக்கும். நாலுக்கு ஒன்று என்ற விதி இங்கிருந்துதான் வருகிறது. அதைவிடச் செங்குத்தாக வைத்தால் ஆள் பின்னால் சாய்ந்துவிடுவார். ஆகவே நாலுக்கு ஒன்று. கீழே பிடித்துக்கொள்ள ஓர் ஆள். சாக்லேட் முட்டையைக் கட்டரில் ஒளித்து வைக்கலாமே என்ற யோசனை வேண்டாம்.

மின்பெட்டியில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்சை (நம்மூரில் ஆர்.சி.சி.பி. என்பார்கள்) சோதிக்கவும் கடிகாரம் மாற்றும் ஞாயிறுதான் தோது. போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, யாரோ ஒருவர் உடல் வழியாகத் தரைக்குப் போகிறது என்று கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் துண்டித்துவிடும். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்ப் எடுப்பதைவிடக் குறைந்த மின்னோட்டம் அது. நாள்பட அசையாமல் கிடந்தால் உள்ளிருக்கும் விசை இறுகிவிடும். ‘டெஸ்ட்’ என்ற பொத்தானை அழுத்திப் பார்ப்பது அதற்காகத்தான். அழுத்தினால் வீடு முழுக்க மின்சாரம் போய், ஓவன், மைக்ரோவேவ் கடிகாரங்கள் எல்லாம் அழிந்து மினுக்கும் என்பதுதான் சங்கடம். இன்று எப்படியும் அவற்றைத் திருத்தித்தானே ஆக வேண்டும்!

வேலை முடிந்தது. இனி முயல்.

முட்டை கொண்டுவரும் முயல் ஜெர்மானிய நாட்டுப்புறக் கற்பனை. 1682-இல் ஒரு ஜெர்மன் மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் அது செல்லப் பிராணி. ஆஸ்திரேலியாவில் முயல் என்றால் விவசாயி பல்லைக் கடிப்பார். தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை வரவழைத்தார். அவை 1859 கிறிஸ்துமஸ் நாளில் மெல்போர்னில் வந்து இறங்கி, விக்டோரியாவின் பார்வன் பார்க்கிலிருந்த அவர் பண்ணைக்குப் போயின. ஆண்டுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் அவற்றின் சந்ததி பரவியது. கண்டம் முழுவதையும் மொட்டையடித்த படையெடுப்பு அந்த ஒரே சரக்கிலிருந்து கிளம்பியதுதான் என்று 2022-இல் மரபணு ஆய்வும் உறுதிசெய்தது. அதற்கு முன்பும் முயல்கள் பலமுறை வந்திருந்தன. அவை வீட்டு முயல்கள், பிழைத்துப் பரவவில்லை. ஆஸ்டினுக்கு வந்தவற்றில் காட்டு முயல் ரத்தம் இருந்தது.

முயல் தின்ற புல்லும் பிடித்த வளையும் யாருடையவை என்று பார்த்தால் பில்பி வரும். நீண்ட காதும் கூர்மூக்கும் கொண்ட, இரவில் நடமாடும் சிறு பைம்மா. வயிற்றுப் பை பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும். வளை தோண்டும்போது மண் குட்டி மேல் விழாது. கர்ப்பகாலம் வெறும் இரண்டு வாரம். இரண்டு மீட்டர் ஆழம் வரை சுழன்று இறங்கும் வளைகளால் பாலை மண்ணைக் கிளறிக் காற்றும் விதையும் இறங்கச் செய்யும். பில்பியில் சிறிய இனம் அழிந்தே போனது. பெரிய இனம் நரி, பூனை, முயல் ஆகிய மூன்று வந்தேறிகளுக்கு இடையே ஒண்டிக்கொண்டிருக்கிறது. அதனால் ஈஸ்டர் முயலுக்குப் பதில் ஈஸ்டர் பில்பி என்ற இயக்கம் கிளம்பியது. முயல் ஒழிப்பு அமைப்பு ஒன்று 1990-களில் இதைப் பரப்பியது. அடிலெய்டின் ஹெய்க்ஸ் சாக்லேட் நிறுவனம் முயல் அச்சை ஓரங்கட்டிவிட்டு பில்பி அச்சை எடுத்தது. பண்டிகைச் சின்னங்களில் மக்கள் பிடிவாதக்காரர்கள், ஆகையால் கடைகளில் இன்னும் முயல்தான் அதிகம். ஆனாலும் பில்பி என்றொரு பிராணி இருப்பது நகரத்துக் குழந்தைகளுக்குத் தெரிந்திருப்பது சாக்லேட்டால்தான்.

அந்த சாக்லேட்டைத் தோட்டத்தில் ஒளிப்பதற்கு இலையுதிர்காலம் ஒருவகையில் வசதி. கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாக உறையும். அவற்றில் ஐந்தாவது வகைதான் பளபளப்பும், உடைத்தால் ‘டக்’ என்ற ஓசையும் தருவது. சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளங்கையில் தாங்கி நாக்கில் கரைவது அந்த எண்ணின் விளைவு. சாக்லேட் செய்கிறவர்கள் சூடாக்கி, ஆற்றி, கிளறி, மறுபடி லேசாகச் சூடாக்கி இந்த வகையை மட்டும் வரவழைப்பார்கள். வெயிலில் நின்ற காருக்குள் ஒருமுறை உருகித் தன்பாட்டுக்கு உறைந்த முட்டையில் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். மேலே சாம்பல் நிறப் படலம் பூக்கும். பூஞ்சை என்று நினைத்துத் தூக்கிப் போட வேண்டாம். கொழுப்பு வெளியே வந்து உறைந்தது, அவ்வளவுதான். ருசி கொஞ்சம் மட்டமாக இருக்கும்.

குழந்தைகள் கண்டுபிடிக்காத முட்டையை நாய் கண்டுபிடித்தால்தான் விபரீதம். சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் நம் உடம்பிலிருந்து வேகமாக வெளியேறும்; நாய் உடம்பில் பாதி குறையவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம், கறுப்பு சாக்லேட்டில் 5 அல்லது அதற்கும் மேல். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தி, பதைப்பு தொடங்கும். 40, 50-ஐத் தொட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். பத்துக் கிலோ நாய் 100 கிராம் கறுப்பு சாக்லேட் தின்றால் எங்கே நிற்கும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எத்தனை முட்டை ஒளித்தோம் என்று எழுதி வைத்து, ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

பெரிய வெள்ளிக்குச் சுடும் சிலுவை போட்ட பன்னிலும் நாய்க்கு எமன் உண்டு, உலர்திராட்சை. சில நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். காரணம் பல ஆண்டுகளாகப் பிடிபடவில்லை. கேக்குக்குப் போடும் ‘கிரீம் ஆஃப் டார்ட்டர்’ தின்ற நாய்க்கும் அதே கதி நேர்ந்ததைப் பார்த்துத்தான் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் டார்ட்டாரிக் அமிலத்தின் மேல் சந்தேகத்தைத் திருப்பினார்கள். 2021-இல் அதை வெளியிட்டார்கள். அடுத்து அந்தப் பட்டியலில் சேர்ந்தது புளி! புளியின் புளிப்பும் டார்ட்டாரிக் அமிலம்தான். நாய் வளர்க்கும் தமிழ் வீடுகளில் மிஞ்சிய புளிக்குழம்புச் சோற்றைத் தட்டில் கொட்டும் பழக்கம் உண்டென்றால் இதைக் கவனிக்கலாம். பூனை வளர்ப்பவர்களுக்கு வேறு எச்சரிக்கை: ஈஸ்டருக்கு வாங்கும் வெள்ளை லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

நிஜ முட்டைக்கு வருவோம். மெல்போர்னில் கிரேக்கர்கள் ஏராளம். அவர்களுடைய ஈஸ்டர் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி வருவதால் பெரும்பாலும் வேறு ஞாயிறு. 2026-இல் ஏப்ரல் 12. பெரிய வியாழன் அன்று முட்டைகளை வேகவைத்துச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். வெங்காயச் சருகைக் கொதிக்கவைத்து எடுக்கும் செம்பழுப்பு பழைய முறை. சாயத்தோடு கொஞ்சம் வினிகர் சேர்ப்பது ஏன்? முட்டை ஓட்டின் மேல் மெல்லிய புரதப் பூச்சு ஒன்று உண்டு. அமிலம் அந்தப் புரதத்துக்கு நேர் மின்னூட்டம் கொடுக்கும். எதிர் மின்னூட்டமுள்ள கடைச் சாயங்கள் ஓடிவந்து பற்றிக்கொள்ளும். வினிகர் அளவுக்கு மீறினால் ஓட்டின் சுண்ணாம்பையே கரைத்துக் குமிழி விடும்.

சாயம் காய்ந்ததும் சண்டை. ஒருவர் முட்டையால் இன்னொருவர் முட்டையைத் தட்ட வேண்டும். உடையாமல் நிற்பது ஜெயித்தது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரண்டு முட்டைக்கும் ஒரே அடிதான் விழுகிறது; தட்டியவருக்கு விசேஷ அனுகூலம் எதுவுமில்லை. வளைவு அதிகமுள்ள கூர்முனை அதே விசையில் குறைவாக நெளியும் என்பதால் கூர்முனையைக் காட்டுவது புத்திசாலித்தனம். மழுங்கிய முனையில் காற்றறை வேறு இருக்கிறது. அதற்காக முட்டை நெட்டுக்குத்தாகத்தான் எப்போதும் பலம் என்று நினைக்க வேண்டாம். 2025-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை முட்டையைக் கீழே போட்டுப் பார்த்ததில், பக்கவாட்டில் விழுந்தவைதான் அதிகம் பிழைத்தன. பக்கவாட்டில் ஓடு கொஞ்சம் வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்கிறது.

பந்தயம் கட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒவ்வொரு முட்டைக்கும் மாறாத ஒரு வலிமை உண்டு, ஜெயித்த முட்டைக்குச் சேதமில்லை என்று வைத்துக்கொண்டால், ஒருவரை வென்ற முட்டை அடுத்த புதிய முட்டையையும் வெல்ல மூன்றில் இரண்டு வாய்ப்பு. நான்கு பேரை வென்றதற்கு ஆறில் ஐந்து. ஒன்பது பேரை வென்றதற்குப் பதினொன்றில் பத்து. ஆகையால் மேஜையைச் சுற்றி எல்லாரையும் வீழ்த்திவிட்டு வரும் மாமாவிடம் கடைசியாகப் போய் முட்டையை நீட்டுவது லாபமில்லை. அதிலும் அவர் கையில் இருப்பது மர முட்டையா என்று முதலில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும். தோற்றவற்றை உரித்துச் சாப்பிடலாம், அடுக்களைக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருக்காவிட்டால். வேகவைத்த முட்டை பச்சை முட்டையைவிடச் சீக்கிரம் கெடும், விரிசல் விட்டது இன்னும் சீக்கிரம்.